அந்தப் பாட்டு எந்தப் படத்திலும் இல்லை

ஜமால் அண்ணன் போய்விட்டார்.

காலையில் குழந்தைக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது செல்வத்திடமிருந்து மெசேஜ். "அண்ணன் தவறிட்டாரு. நெஞ்சு வலி. சாயந்திரம் அடக்கம்." அவ்வளவுதான்...

நான் மஸ்கட்டில், அவர் நன்னிலத்தில். பிள்ளைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். ஃப்ளைட் பார்த்தேன், தெர்மாமீட்டர் பார்த்தேன், மறுபடி ஃப்ளைட் பார்த்தேன். அதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது.

இங்கே பலருக்குத் தெரியாது, காலேஜ் படிக்கும்போது தஞ்சாவூரில் ஒரு சின்ன ஆர்கெஸ்ட்ராவில் பாடிக்கொண்டிருந்தேன். நாலே பேர். கீபோர்டு ஜமால் அண்ணன், ரிதம் பேடு செல்வம், கிட்டாருக்கு ஒருவர், பாட நான்.

அண்ணன் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் பேண்டில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். பகலெல்லாம் மொபைல் கடையில் ரீசார்ஜ், சாயங்காலம் ஆனால் கீபோர்டு.

சொந்தப் பாட்டு ஒன்றாவது பாட வேண்டும் என்பது அவருடைய ஒரே கண்டிஷன். வெளிநாட்டில் இருப்பவன் வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுப்பதைப் பற்றி அவரே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு அது.

"ஒரு ரிங்கு விட்டாக்கா சௌக்கியமுன்னு வச்சுக்க,
ரெண்டு ரிங்கு விட்டாக்கா பேச்சு இருக்கு... எடுத்துக்க!"

நம்ம பக்கம் எந்த வீட்டில் இந்த வழக்கம் இல்லாமல் இருந்தது, சொல்லுங்கள்?

பேராவூரணியில் ஒரு திருவிழா. "அடுத்து எங்களோட சொந்தப் பாட்டு" என்று அண்ணன் மைக்கில் சொன்னார், கூட்டத்திலிருந்து ஒரு குரல்... "சொந்தப் பாட்ட உங்க வீட்ல போயி பாடுங்கய்யா! இங்க சினிமாப் பாட்டு போடுங்க!"

மொத்தக் கூட்டமும் சிரித்தது. பல்லவியோடு நிறுத்திவிட்டோம்.

அடுத்த கச்சேரி பூம்புகார் பக்கம். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த பாடல், விரைவில் வெளிவர இருக்கும் 'வெட்டாத்து மாப்பிள்ளை' படத்திலிருந்து!" என்றார். அப்படி ஒரு படமே கிடையாது. விசில் பறந்தது. ஒன்ஸ்மோர் வேறு.

மேடையை விட்டு இறங்கும்போது ஒருவர் விடவில்லை. "பாய், படத்துல ஹீரோ யாரு?"

"புதுமுகம்ணே. நல்லா வருவாப்ல." முகத்தில் ஒரு சிரிப்பு இல்லையே! செல்வம் ஒயரைச் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஊருக்கு ஊர் படத்தின் பெயர் மட்டும் மாறும்.

ராயல்டி என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது அவரிடம்தான். சிங்கப்பூரில் பேண்டு வாசித்த பாட்டுகளை ஹோட்டல்காரர்கள் எழுதி வாங்கிக்கொள்வார்களாம். அவர்கள் கட்டும் பணத்தில் பாட்டை உண்டாக்கியவருக்கு ஒரு பங்கு போகுமாம்.

"நம்ம பாட்ட நாமளே வாசிச்சாலும் நமக்கு வரணும் பாப்பா. காசு எவ்வளவுங்கிறது வேற. பேரு போட்டு வரணும்ல?" என்பார்.

இங்கேயும் அதற்கென்று ஒரு சங்கம் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து, பாட்டைத் தன் பெயரில் பதிவு செய்தார். கல்யாணம், கோயில் திருவிழாவில் பாடினால் யாரும் இப்படிப் பணம் கட்ட வேண்டியதில்லை, ஹோட்டல் மாதிரி இடம்தான் வேண்டும். தஞ்சாவூரில் ஒரு ஹோட்டலில் நியூ இயர் கச்சேரி கிடைத்தது. என்னென்ன பாடினோம் என்று நாங்களும் எழுதி அனுப்பினோம், ஹோட்டலிலிருந்தும் அனுப்பினார்கள்.

சங்கத்திலிருந்து பதில் வந்தது. ஹோட்டல் கணக்குப்படி இது சினிமாப் பாட்டு, ஆகவே படக் கம்பெனியிடம் கடிதம் வாங்கி அனுப்பவும்.

பழக்க தோஷம்... அண்ணன் அந்த மேடையிலும் 'வெட்டாத்து மாப்பிள்ளை' என்றே அறிவித்திருந்தார்! ஹோட்டல்காரர்கள் கேட்டதை அப்படியே எழுதிவிட்டார்கள்.

செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான். "கம்பெனிய எங்கண்ணே போயி தேடுறது? மாப்பிள்ளையே ஆத்தோட போயிட்டான்!"

அண்ணன் சிரிக்கவில்லை. கீபோர்டு பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அப்புறம் மெதுவாக, "என் பாட்ட என் வாயாலயே இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்ல" என்றார்.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு அதே ஹோட்டலில் மறுபடி கூப்பிட்டார்கள். அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"இது என் பாட்டு. எழுதுனது, மெட்டுப் போட்டது எல்லாம் நன்னிலம் ஜமால். இது எந்தப் படத்துலயும் வராதுங்க."

கைதட்டல் இல்லை. சிலர் எழுந்து பஃபே பக்கம் போனார்கள். நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்... பாடு என்று. கடைசிச் சரணம் வரைக்கும் ஒரு வரி வெட்டாமல் வாசித்தார்.

அப்புறம் எனக்குக் கல்யாணம், மஸ்கட், குழந்தை.

ஒருநாள் போன். "பாப்பா, வந்துருச்சு!"

"எவ்வளவுண்ணே?"

"அத விடு. புரோட்டா சாப்புடலாம், சால்னாவுக்கு நம்ம கைக்காசு போடணும். ஆனா பேரு சரியா போட்டுருக்கான். நன்னிலம் ஜமால்னு."

அன்றைக்கு அந்தப் பெயரை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

இன்று பள்ளிவாசல் மைக்கில் "மொபைல் கடை ஜமால்" என்று சொன்னார்களாம். தப்பில்லை, ஊருக்கு அவர் அப்படித்தான்.

ஆனால் அந்தப் பாட்டை இப்போது வேறு சில குழுக்களும் பாடுகிறார்கள். போன மாதம் செல்வம் ஒரு வீடியோ அனுப்பினான். யாரோ ஒரு பையன் அருமையாகப் பாடுகிறான்... "விரைவில் வெளிவர இருக்கும்" என்று ஆரம்பித்து.

நண்பர்களே, ஆர்கெஸ்ட்ரா வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் உங்களுக்குத்தான் சொல்கிறேன். தாராளமாகப் பாடுங்கள். அவர் பெயரை மைக்கில் சொல்லிவிட்டுப் பாடுங்கள். ஹோட்டலில் பாடினால் அந்தப் பெயரையே எழுதிக் கொடுங்கள், அண்ணிக்குப் போய்ச் சேரும்.

பாட்டும் மெட்டும், நன்னிலம் ஜமால்.

நல்லபடியா போங்கண்ணே. கீபோர்டை செல்வம் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறான்.