இடைவேளையில் அம்மா பாடவில்லை

என் அம்மாவை மேடையேற விடாமல் செய்தது நான்தான். ஒரு பொய்யைச் சொல்லித் தடுத்தேன். அந்தப் பொய்யை இன்றுவரை யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது என்று நினைக்கிறேன். என் கணவரிடம்கூடப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சாதகமான பாதியை...

அம்மாவின் பெயர் க்ரேஸ். பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்து, அங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பருத்திப் புடவையும் கொண்டையும் மூக்குக்கண்ணாடியுமாக அவளைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் அவள் ஒரு ராக் குழுவின் பாடகி! குழுவின் பெயர் 'லெவல் கிராஸிங்'. ரயில்வே கேட் மூடியிருந்தது என்று தினமும் யாராவது ஒருவர் தாமதமாக வந்ததால் வைத்த பெயராம். ஒரு காலத்தில் கல்லூரி விழாக்களில் அவர்கள் பாடினால் கூட்டம் கலைய மறுக்கும் என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. குழு மட்டும் போகவில்லை. டிரம்ஸ் வாசிக்கும் ஸ்டான்லி அங்கிளின் வீட்டுக் கார் ஷெட்டில் சனிக்கிழமைகளில் கூடி, கேட்பதற்கு ஆளில்லாமலேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இருந்தார்கள் என்று எழுதுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் தொம்மலூரில் இருக்கிறேன். விளையாட்டுப் போட்டிகளுக்குக் கலைநிகழ்ச்சி அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. மகள் பிறந்தபோது வேலையை விட்டிருந்தேன். அவளுக்கு மூன்று வயதானதும் இங்கே சேர்ந்தேன். அப்போது நான் வேலையில் நிரந்தரமாக்கப்படவில்லை. என் கணவர் வாரத்தில் பாதி நாள் சென்னையில் இருப்பார். ஆகவே மதியம் பாப்பாவை மழலையர் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும், நான் வரும்வரை பார்த்துக்கொள்வதும் அம்மாதான். காக்ஸ் டவுனிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவாள்.

அம்மா இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற காரணங்களையெல்லாம் நம்பிவிடாதீர்கள்.

நகரத்தில் நடக்கவிருந்த ஒரு பெரிய கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளை நிகழ்ச்சி எங்கள் பொறுப்பில் வந்தது. யாரைப் பாட வைப்பது என்று பேச உட்கார்ந்தோம். எங்கள் மேலாளர் கிரண், பசவனகுடிக் கன்னடக்காரர், திடீரென்று கேட்டார்.

"பழைய ராக் பேண்ட் ஒண்ண போட்டா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இடைவேளைல ராக்கா? ஜனம் எழுந்து பப்ஸ் வாங்கப் போயிடும் கிரண்" என்றாள் பக்கத்தில் இருந்த நிஷா. "அவங்க கிதார் ட்யூன் பண்றதுக்குள்ள செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சிடும்."

"ஏய், சும்னிரு" என்று அவளை அடக்கினார் கிரண். "பெங்களூர்ல ராக் எடுபடலன்னா வேற எந்த ஊர்ல எடுபடும், குரு? எங்கப்பா இன்னும் ஒரு பேண்ட் பத்திச் சொல்லுவாரு... லெவல் கிராஸிங்னு. ஒரு லேடி பாடுவாங்களாம், ஸ்பீக்கரே வேண்டாமாம்."

நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆனால் பெருமை பொங்கிவிட்டது. "அது எங்கம்மா" என்றேன்.

கிரண் மேஜையைத் தட்டினார். முடிந்தது! நானே பேசி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று என்னிடமே ஒப்படைத்தார்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அவள் பாப்பாவுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தோசை கருகியது. "என்னையா? இந்த வயசுலயா?" என்று இரண்டு முறை கேட்டாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். உள்ளிருந்து கேட்டால் கல்லூரிப் பெண் யாரோ பேசுவதுபோல இருந்தது.

மறுநாளே திட்டம் தயார். பேஸ் கிதார் வாசிக்கும் ராபர்ட் அங்கிள் கோயம்புத்தூரிலிருந்து வருவார். ஸ்டான்லி அங்கிள் டிரம்முக்குப் புதுத் தோல் மாற்றுவார். அடுத்த வாரத்திலிருந்து தினமும் மாலையில் பயிற்சி.

"கண்ணு, மேட்ச் வரைக்கும் சாயங்காலம் மட்டும் பாப்பாவ நீ பாத்துக்கறியா? நாலு மணிக்கு வந்துட்டா போதும்" என்றாள் அம்மா.

நான் "பாத்துக்கலாம்மா" என்றேன்.

நாலு மணிக்கு! இறுதிப்போட்டி நெருங்கும் நாட்களில், வேலை நிரந்தரமாகாத நான், நாலு மணிக்குக் கிளம்புகிறேன் என்று யாரிடம் சொல்வது? ஆள் வைக்கலாம் என்றால், முன்பின் தெரியாதவரிடம் பாப்பாவை விட மனம் வரவில்லை. கணவரிடம் கேட்டால் "பாத்துக்கலாம்" என்பார். நான் அம்மாவிடம் சொன்ன அதே சொல். அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுவதும் வேறு காரணங்களைத் தேடினேன். அம்மாவின் குரல் முன்போல் இல்லையே... மைதானம் நிறைந்த கூட்டம் கேலி செய்தால்? யாராவது படம் பிடித்துப் பரப்பினால்? புடவை கட்டிய பாட்டி ராக் பாடுகிறாள் என்று சிரித்தால்? அம்மாவைக் காப்பாற்ற வேண்டியது என் கடமையல்லவா? இப்படியே எனக்கு நானே சொல்லிச் சொல்லி, நான் நல்ல மகள்தான் என்று ஏறக்குறைய நம்பியும் விட்டேன்.

அப்போதுதான் வழி கிடைத்தது.

இடைவேளை நிகழ்ச்சி எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? கால் மணி நேரம்தான். அதற்குள் மேடையை உருட்டிக்கொண்டு வந்து, வயர்களை இணைத்து, பாடி முடித்து, புல்லில் ஒரு தடம்கூட இல்லாமல் உருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். ஒலியைச் சோதித்துப் பார்க்க நேரமே கிடையாது. அதனால் முன்பே பதிவு செய்த பாட்டைத்தான் ஓட விடுவோம். மேடையில் இருப்பவர்கள் வாயசைப்பார்கள். கிதாரில் வயர்கூட இருக்காது. ட்ராக் என்போம். எங்கள் தொழிலில் அது ரகசியமும் இல்லை, அவமானமும் இல்லை.

"ட்ராக் ஓகேவான்னு உங்கம்மாட்ட கேட்டியா?" என்றார் கிரண்.

நான் கேட்கவில்லை. "கேட்டேன்" என்றேன். "ஒத்துக்கமாட்டேங்கறாங்க கிரண். பாடினா நிஜமாத்தான் பாடுவோம், வாயசைக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அம்மாவைச் சிறுமைப்படுத்தாத பொய் என்பதால் கொஞ்சமும் கூசவில்லை. கிரண் பெருமூச்சு விட்டு, "ஹளே காலத ஜனா... பழைய காலத்து ஆளுங்க, அவங்க கொள்கை அவங்களுக்கு" என்றார். அன்றே ஒரு இளம் பாடகரையும் நடனக் குழுவையும் முடிவு செய்தார்கள்.

அம்மாவிடம் வேறு பொய். "ஆபீஸ்ல டான்ஸ் ப்ரோக்ராம் போதும்னுட்டாங்கம்மா."

"சரி விடு கண்ணு. உன்னாலான மட்டும் பண்ணியிருப்ப" என்றாள். பால்கனிக்குப் போய் ஸ்டான்லி அங்கிளுக்குப் போன் செய்தாள். இந்த முறை பேச்சு உடனே முடிந்துவிட்டது.

போட்டியன்று நான் மைதானத்தில் இருந்தேன். அம்மா வீட்டில் பாப்பாவோடு டிவியில் பார்த்தாளாம். இரவு எங்களோடு தங்கிவிட்டு, மறுநாள் காலை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பாட்டு ஒரு பக்கம் போவுது, அந்தப் பையன் வாய் ஒரு பக்கம் போவுது! ஒழுங்கா வாயசைக்கக்கூடத் தெரியல. நானா இருந்தா இன்னும் நல்லா அசைச்சிருப்பேன்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். "வாயசைக்கறது பரவால்லயாம்மா உனக்கு?"

"அதனால என்ன? கிறிஸ்மஸ் கேரல் சர்வீஸ்ல தொண்ட கட்டினா நாங்க பண்ணாததா? அந்த கிரவுண்ட்ல போய் நிக்கறதே பெருசு, கண்ணு."

ஆக, என் பொய்யில் வரும் பெண்மணி, கொள்கைக்காக மேடையை மறுத்தவள், என் அம்மா இல்லை. நானே உருவாக்கிக்கொண்ட ஒருத்தி. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் "சரி" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லையோ? ஆம். அப்படித்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு இதை எழுதியிருக்க மாட்டேன்.

நிகழ்ச்சி நன்றாக நடந்ததைப் பற்றி கிரண் இணையத்தில் ஒரு பதிவு போட்டார். அதில், பழைய ராக் குழு ஒன்றை அழைத்ததாகவும், வாயசைத்துப் பாட மாட்டோம் என்று அதன் பாடகி மறுத்துவிட்டதாகவும், அந்தத் தலைமுறைக்குத் தலைவணங்குவதாகவும் எழுதியிருந்தார். குழுவின் பெயரையும் போட்டிருந்தார். நல்லெண்ணத்தில்தான். நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

ஞாயிறு காலை, ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றிருந்தோம். என் இடுப்பில் பாப்பா. ஸ்டான்லி அங்கிள் போனைக் கையில் பிடித்தபடி வந்தார். எப்போதும் பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளுகிறவர். அன்று கிள்ளவில்லை.

"என்ன க்ரேஸ், பெரிய ஆளாயிட்ட."

"என்னடா சொல்ற?" என்று சிரித்தாள் அம்மா.

"ட்ராக்குக்குப் பாட மாட்டேன்னியாமே. ஊரே கை தட்டுது. எங்கள ஒரு வார்த்த கேட்டியா? ராபர்ட் டிக்கெட்லாம் போட்டு வெச்சிருந்தான். இதுல ஆபீஸ்காரங்க வேணாம்னுட்டாங்கன்னு எங்ககிட்ட கத வேற!"

அம்மா போனை வாங்கிப் படித்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவ்வளவுதான். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடிந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும். இல்லை. வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளை எந்த வரியில் தடுமாறியது என்று தேடுகிற பார்வை அது. வரியைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் பேசியிருக்கலாம். "அங்கிள், நான்தான்" என்ற இரண்டு சொற்கள். நாக்கு அசையவில்லை. பக்கத்தில் பாஸ்டரம்மா நின்றிருந்தார்கள்... தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள்... கிரணுக்கு விஷயம் போய்விட்டால் என் வேலை... இத்தனையும் அந்த நொடியில் யோசித்தேன். யோசிக்க நேரம் இருந்திருக்கிறது, பாருங்கள்!

"ஆமா ஸ்டான்லி" என்றாள் அம்மா. "நான்தான் சொன்னேன். உங்களக் கேட்டிருக்கணும். தப்புதான்."

"நம்ம பேண்டுன்னு நெனச்சிட்டிருந்தேன். உன் பேண்டுன்னு தெரியாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா, "பாப்பாவோட ஷூ லேசு அவுந்திருக்கு பாரு" என்றாள். நான் குனிந்து கட்டினேன். நிமிர்வதற்கு நெடுநேரமானது.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் அந்தக் கார் ஷெட் திறக்கப்படவில்லை. ராபர்ட் அங்கிள் அம்மாவின் அழைப்பை எடுப்பதில்லை. சர்ச்சில் ஸ்டான்லி அங்கிள் இப்போது எதிர்ப்பக்க வரிசையில் உட்காருகிறார். சின்ன வயதிலிருந்து பழகியவர்கள்... என் ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

"சனிக்கிழமையும் வந்துடறேன் கண்ணு, வீட்ல சும்மாத்தான இருக்கேன்" என்றாள் அம்மா. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் வேலை இருந்தது. எனக்கு வேலை நிரந்தரமானது. அந்தச் செய்தியைச் சொன்னபோது அம்மா கேசரி கிண்டினாள்.

இந்த வருடம் இறுதிப்போட்டி மீண்டும் எங்களிடம் வந்திருக்கிறது. போன வாரம் கிரண் உற்சாகமாக வந்தார். "மேடைய புல்லுக்கு வெளிய, கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி போட்டுடலாம். ஸ்பீக்கர், டிரம்ஸ் எல்லாம் முன்னாடியே செட் பண்ணிடலாம். முழுக்க லைவ்! இப்ப உங்கம்மா முடியாதுன்னு சொல்ல முடியாதில்ல?"

மாலையில் அம்மாவிடம் சொன்னேன். பாப்பாவைக் குளிப்பாட்டி, தலை துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டு நின்றது.

"ஸ்டான்லி வரமாட்டானே..." என்றாள், தனக்குள் பேசுவதுபோல.

நான் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன், அம்மா. இந்த வாக்கியம் என் தொண்டைவரை வந்தது. ஒரு வருடமாக அது அங்கேதான் இருக்கிறது.

அம்மா சற்றுக் காத்திருந்தாள். எதற்காகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். பிறகு மறுபடியும் துவட்ட ஆரம்பித்தாள்.

"அதோட, பாப்பாவ யாரு பாத்துப்பா?"

குரலில் குத்தல் இல்லை. குறையும் இல்லை. கடைக்குப் போகும்போது பால் இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். ஒருபோதும் நான் யாரிடமும் சொல்லாத காரணம்! அதை இத்தனை நாளும் அவள் அறிந்தே இருந்தாளா? அறிந்துகொண்டேதான் தினமும் பஸ் ஏறி வந்தாளா?

மறுநாள் அலுவலகம் போய், "அவங்க இப்ப பாடறதில்ல கிரண்" என்றேன். அது உண்மைதான். உண்மையாக்கியவள் நான்.

அன்றும் வேலை முடிய நேரமாகிவிட்டது. வீடு திரும்பியபோது அம்மா பாப்பாவுக்குச் சோறு ஊட்டி முடித்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் கிளம்பத் தயாராக நின்றிருந்தாள்.