வெர்லா அத்தையின் நாற்காலி

வெர்லா புரூவிட். பிறப்பு: 1961, கனாப், யூட்டா. தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர், இருபத்தெட்டு ஆண்டுகள். விபத்து: இல்லை. பொழுதுபோக்காக நடந்ததாகப் பதிவு: இல்லை. வீட்டு வாசலிலிருந்து தபால் பெட்டி வரைகூட வண்டியில் செல்பவர் என்பதை ஊரே அறியும்.

வெர்லா என் அத்தை. அவருடைய தம்பி லாமர் என் தந்தை. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பெரும் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கி ஆற்றங்கரையில் மூன்று இரவுகள் தங்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அது தேசியப் பூங்கா; கீழே தங்கப் பூங்காவின் அனுமதி வேண்டும். அனுமதி குலுக்கலில்தான் கிடைக்கும். ஆறு ஆண்டுகளாக விண்ணப்பித்தும் விழவில்லை. ஆகவே ஏழாம் ஆண்டு, வாய்ப்பைப் பெருக்கும் பொருட்டு, தம் பெயரோடு என் தாய் நோரீன், நான், அத்தை ஆகியோரின் பெயர்களிலும் தனித்தனியே விண்ணப்பித்தார். அத்தை ஒப்புக்கொண்டது ஒரு விருந்தில், வாய் நிறைய வான்கோழிக் கறியோடு.

பிப்ரவரியில் குலுக்கல் முடிவு வந்தது. அத்தையின் பெயர் விழுந்திருந்தது.

தந்தை பேருந்துக் கொட்டகைக்கே சென்றார். நானும் உடன் சென்றேன்.

"அக்கா, ஒரு நல்ல செய்தி."

"உன் மூஞ்சியப் பார்த்தா அப்படித் தெரியலையே."

விஷயத்தைச் சொன்னார்.

"அவ்வளவுதானே, உன் பேருக்கு மாத்திக்கோ."

"மாத்த முடியாதுக்கா. யார் பேரு விழுந்துச்சோ அவங்க கூட நடந்தாதான் மத்தவங்கள உள்ள விடுவாங்க."

"கீழ வரைக்கும் ரோடு?"

"இல்ல."

"கோவேறு கழுதை?"

"அதுக்கும் ஒரு குலுக்கல் இருக்கு."

அத்தை பேருந்தின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே" என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஜூனில் தந்தைக்கு ஒஹையோவுக்கு வேலை மாற்றல் என்பது அவருக்கும் தெரியும்.

"ஒஹையோவுல பள்ளத்தாக்கு இருக்காடா?"

"நான் போற பக்கம் சோளக்காடுதான்."

"சரி, எழுதிக்கோ. என் ஸ்டீல் கெட்டில் வரும். பாக்கெட் காப்பித்தூள் எனக்கு வேண்டாம்."

"அக்கா, அதுவே ரெண்டு பவுண்டு."

"நான் நூத்தி எண்பது பவுண்டு. அத நாந்தானே சுமக்கப் போறேன்? அப்புறம், என் மடக்கு நாற்காலி. வீட்டுத் தலையணை."

தந்தை எழுதுவதை நிறுத்தினார். யாருடைய பையும் இருபத்தைந்து பவுண்டைத் தாண்டக்கூடாது என்பது அவர் விதி. அதற்காகப் பல் துலக்கும் பிரஷ்களின் காம்பை அறுத்தவர். தேநீர்ப் பைகளின் நூலைக் கத்தரித்தவர்.

ஏப்ரலில் ஊரில் ஒரு வதந்தி பரவியது: வெர்லா வேலைக்கு நடந்து போகிறார். வண்டி கெட்டுவிட்டதா என்று இருவர் காரை நிறுத்தி விசாரித்தனர். மூன்றாமவர் ஏறச்சொன்னபோது, "நடக்கத்தான்யா நடக்கிறேன், போ" என்று அத்தை விரட்டியதாகக் கேள்வி.

மே மாதம் பொருள்களைக் கட்டும் நாளில் தந்தை சமையலறைத் தராசோடு அமர்ந்தார். கீழே விட்டுவரக் கூடாது என்பதால், மலத்தைக் கட்டி மேலே கொண்டுவருவதற்கான பைகளைப் பங்கிட்டார்.

அத்தை தம் பங்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இத நெரப்பினப்புறம் யார் தூக்குறது?"

"அவங்கவங்களது அவங்கவங்க."

"அனுமதி யார் பேர்ல?"

தந்தை அந்தப் பைகளைத் திரும்ப வாங்கித் தம் மூட்டையில் செருகினார். தாய் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்டிலும் தலையணையும் அதே மூட்டைக்குள் போயின. நாற்காலி அதன் வெளிப்புறத்தில் கட்டப்பட்டது.

மே 14, காலை ஆறு மணி, பாதையின் தொடக்கம். அத்தை வழக்கப்படி தலைகளை எண்ணினார். "நாலு. யாரும் யாரையும் தள்ளக் கூடாது. லாமர், நீ முன்னால போ. இந்தப் பாதைக்காகத்தானே இவ்வளவு நாள் காத்துக் கிடந்தே."

இறங்குமுன் தொங்கு தராசில் நான் எடுத்த எடைகள்: தாயும் நானும், தலைக்கு இருபத்து நான்கு பவுண்டு. அத்தை, பதினொன்று. தந்தை, நாற்பத்தேழு.