ஆட்டுக்கல் இல்லாத கதைகள்

செல்லக்கனி புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில்தான் திறப்பார். மில் சங்கு ஊதிய கால் மணி நேரத்தில், கொண்டையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் நூலகத்துக்கு வந்து, அலமாரி முன்னால் நின்றபடியே முடிவைப் படிப்பார். உதடு அசையும். பிறகு என் மேசையில் கொண்டுவந்து வைப்பார். "இதுல வீடு கெடச்சிருது சார். எழுதிக்கிடுங்க."

கிடைக்காத கதையையும் எடுத்துப்போவார். அதை ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கிவிடுவார். அழுத கண்ணோடு மில்லுக்குப் போனால் மேஸ்திரி கேள்வி கேட்பாராம்.

காதல் கதை, துப்பறியும் கதை, சாமி கதை எதுவும் அவருக்கு வேண்டாம். வீடில்லாதவர்களின் கதைதான் வேண்டும். அண்ணன்மார் வெளியே தள்ளிய விதவை, அணைக்கட்டுக்காக ஊரையே காலி செய்தவர்கள், ரயில்வே பாலத்தடியில் குடித்தனம் நடத்துகிறவர்கள். எண்பத்தைந்தில் நான் ராஜபாளையத்துக்கு மாற்றலாகி வந்தேன். எங்கள் சின்னக் கிளை நூலகத்தில் அப்படி எத்தனை புத்தகம் இருந்தது என்று நூலகரான எனக்கே தெரியாது. அவருக்குத் தெரியும். முப்பத்தொன்று.

படித்துவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார். ஒரு நாவலில் ஒரு குடும்பம் மார்கழி மாதம் வீடு மாறுகிறது. "மார்கழியில எவன் சார் வீடு மாறுவான்? இந்த எழுத்தாளரு சொந்த வீட்டுல பொறந்தவரு" என்று ஆளை ஒரே வரியில் முடித்துவிட்டார். பரிசெல்லாம் வாங்கிய இன்னொரு நாவலுக்கும் அதே கதிதான். அதன் நாயகி ஒரு டிரங்குப் பெட்டியோடு தெருவில் இறங்குகிறாள். ஆட்டுக்கல்லை யார் தூக்கினார்கள், அம்மி எங்கே போயிற்று என்று என்னைப் பிடித்துக் கேட்டார். நானா எழுதினேன்? ஆனால் அதற்குப் பிறகு, வீடு மாறும் கதை எதைப் படித்தாலும் நானும் ஆட்டுக்கல்லைத் தேட ஆரம்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தேடுகிறேன். பாழாய்ப்போன பழக்கம், விடமாட்டேன் என்கிறது.

அவர் தூக்கிச் சுமந்தவர், அதனால் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணமான கையோடு போன வீட்டிலிருந்து கணக்கெடுத்தால் ஏழு வாடகை வீடுகள். ஒவ்வொரு முறையும் கணவர் சோலைராஜ் கைவண்டியில் ஆட்டுக்கல்லை ஏற்றி முன்னால் இழுத்துப் போவார். இவர் உப்பும் மஞ்சளும் நிறைகுடமுமாகப் பின்னால் நடப்பார். ராஜபாளையம் வந்த பிறகு, கக்கத்தில் எங்கள் நூலகத்துப் புத்தகமும் இருக்கும். புது வீட்டில் பால் பொங்கும் வரைக்கும் அதைக் கீழே வைக்க மாட்டார்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் உறுப்பினராக வேண்டுமென்றால் வீட்டு வரி கட்டுகிற ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். முகவரி மாறினால் புதுப் படிவம், புதுக் கையெழுத்து. வீடில்லாதவர் கதையைப் படிக்க வீடுள்ளவர் தயவு வேண்டும், பாருங்கள்! அந்த விதியை நான் எழுதவில்லை. ஆனால் உடும்பு மாதிரி பிடித்துக்கொண்டவன் நான்தான். எண்பத்தெட்டில் அவர் முடங்கியார் ரோட்டில் சௌந்தரபாண்டியன் என்பவரின் வீட்டுக்குக் குடிபோனதும் படிவத்தை நீட்டினேன். பழைய கார்டிலேயே கொஞ்ச நாள் ஓட்டக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தார். நான் அசையவில்லை. வீட்டு வரி கட்டுகிறவர் என்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் வீட்டுக்காரர்தான்; அவரிடமே படிவத்தைக் கொண்டுபோனார்.

சௌந்தரபாண்டியன் கெட்டவர் அல்ல. கிணற்றில் எம்புட்டுத் தண்ணீர் இறைத்தாலும் ஒரு சொல் சொன்னதில்லை என்று செல்லக்கனியே சொல்லியிருக்கிறார். ஆனால் சர்க்கார் முத்திரை போட்ட தாளில், தன் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருப்பவரின் பெயரைப் பார்த்ததும் அவர் தாளைத் திருப்பி நீட்டிவிட்டார். இப்படி ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு குடியிருப்பவர் கோர்ட்டுக்குப் போனால் வீடே கைவிட்டுப் போய்விடும் என்று வீட்டுக்காரர்கள் பலருக்கும் அந்தக் காலத்தில் ஒரு பயம். கதைப் புத்தகம் வாங்கத்தான் என்று செல்லக்கனி மன்றாடியிருக்கிறார். கதைப் புத்தகத்துக்கு எதற்கு வீட்டு நம்பர் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆடி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அதற்குள் வேறு வீடு அமையவில்லை. ஆடி பிறந்த பிறகு யார் கொடுப்பார்கள்? வன்னியம்பட்டியில் உறவுக்காரர் ஒருவரின் மாட்டுத்தொழுவில் தட்டி கட்டி மறைத்து அந்த மாதத்தைக் கழித்தார்கள். அங்கிருந்து பஸ் பிடித்து மில்லுக்கு வந்துபோனார். ஆவணியில் அவர் வந்து இதைச் சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. நானே கையெழுத்துப் போடலாம் என்றால் நானும் வாடகை வீட்டில் குடியிருப்பவன்தான். அன்றிலிருந்து என் பெயரில் எடுத்து அவருக்குக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"மாடு நல்ல மாடு சார். எங்கள வெறிச்சு வெறிச்சுப் பாத்துச்சு. போகச் சொல்லல."

அவர்களுக்கும் சொந்தமாக ஒரு வீடு அமைந்தது. தொண்ணூற்றாறு தையில் பால் காய்ச்சினார்கள். ஊருக்கு மேற்கே, மலை நன்றாகத் தெரிகிற இடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு அறைகள். ஒன்றில் இவர்கள்; மற்றொன்றில் வாடகைக்கு மைமூன் என்ற தையற்காரப் பெண்ணின் குடும்பம். சித்திரையில் ஒருநாள் செல்லக்கனி, வீட்டு வரி ரசீதை மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு, மைமூனையும் கூட்டிக்கொண்டு வந்தார். நம்மளப் போல இவியளுக்கும் படிக்கிற கிறுக்கு உண்டு என்று எனக்கு அறிமுகம் செய்தார். மைமூன் சிரித்துக்கொண்டே படிவத்தை நிரப்பினார்.

பிணை போடுகிறவரின் கதவு எண் எழுதுமிடத்தில் செல்லக்கனியின் பேனா நின்றுவிட்டது. மைமூனின் பெயரைப் பார்த்தார். மேலே இருந்த சர்க்கார் முத்திரையைப் பார்த்தார்.

"பயமாத்தான் சார் இருக்கு" என்றார் மெதுவாக. "அந்த முடங்கியார் ரோட்டு மனுசனும் இப்பிடித்தான பயந்திருப்பாவ."

மைமூனின் சிரிப்பு போய்விட்டது. "வேண்டாங்க்கா, பொறவு பாத்துக்கிடுவோம்" என்று படிவத்தை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார்.

செல்லக்கனி அந்தக் கையை விலக்கிவிட்டார். உள்ளங்கை வியர்வையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கதவு எண்ணை எழுதி, அதன் கீழே தன் பெயரை, தாள் கிழிந்துவிடுமோ என்று நான் பதறும்படி, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினார்.