வலப்பக்கம் மட்டும் ஒரு விசில்

அண்ணனுக்கு இழுப்பு வந்தால் முதுகில் தைலம் தேய்ப்பது என் வேலை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. தலை முழுக்க உயிரியல், கைக்கு வேலை இல்லை. ஒரு மாலை தேய்த்துக்கொண்டிருந்தவள் சும்மா காதை வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் விசில். இடப்பக்கம் வெறும் மூச்சு. மறுபடி வலப்பக்கம். விசில்!

“என்னடி, ரேடியோ கேக்கிறியா?” என்றான்.

“அண்ணே, இது ஆஸ்துமா இல்ல! ஆஸ்துமான்னா ரெண்டு பக்கமும் கேக்கணும்!”

“வந்துட்டாங்க டொக்டரம்மா” என்று ஆஸ்துமா பம்ப்பை எடுத்து இழுத்தான். வருடக்கணக்காக அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் இருமலில் இரத்தம் வந்தது. வீட்டில் முதல் பேச்சே சிகரட்டைப் பற்றித்தான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் சில்லறைக் கடை. அண்ணன்தான் அங்கே உட்காருவான், கையெட்டும் தூரத்தில் சிகரட் பெட்டிகள். அம்மா அவனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். அப்பா சிகரட்டை எல்லாம் அலுமாரியில் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

“சத்தியமா நான் குடிக்கிறதில்லப்பா.”

“குடிக்கிறவன் எவன்டா ஒத்துக்கிட்டிருக்கான்?”

பேராதனைப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். யாழ்ப்பாணத்து டொக்டரம்மா அவனிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன், விசில் உட்பட. அவர் ஸ்டெதஸ்கோப்பை இரண்டு பக்கமும் மாறி மாறி வைத்தார்.

“ஓம், பிள்ளை சொன்னது சரி. வலப்பக்கக் குழாயில ஏதோ அடைச்சுக்கொண்டு நிக்குது.”

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் கதிரையில் உட்கார்ந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கு வழியாகக் கமெரா வைத்த மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். பிறகு டொக்டரம்மா படத்தைக் காட்டினார். மூச்சுக்குழாய்க்குள் செக்கச்சிவந்த, வழவழவென்ற ஓர் உருண்டை, பழுத்த லொவிப் பழம் போல.

“ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!” வாய் தவறி வந்துவிட்டது.

“எடுத்து அச்சாறு போடு” என்றான் அண்ணன்.

அதில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டி வேகமாகப் பரவும் வகையா, மெதுவாக வளரும் வகையா? அண்ணனின் உயிரே அந்தக் கேள்வியில் தொங்கியது. கையில் கிடைத்ததையெல்லாம் நான் வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் பயம் கூடியது, ஆர்வமும் கூடியது. இரண்டையும் எப்படி ஒரே நெஞ்சில் வைத்திருந்தேனோ தெரியவில்லை. அண்ணன் வாசிக்கவில்லை. தைலமும் வேண்டாம் என்றுவிட்டான்.

முடிவு வந்த அன்று நால்வருமாகப் போனோம்.

“இது புற்றுநோய் இல்லை எண்டு சொல்லமாட்டன்” என்றார் டொக்டரம்மா. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். “ஆனா அபூர்வமான வகை. கார்சினொயிட் எண்டு பேர். மெல்ல மெல்லத்தான் வளரும். இவருக்கு வேற இடத்துக்குப் பரவினதாவும் தெரியேல்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்தா அநேகமா சுகம்தான்.”

“சிகரட்டாலயா டொக்டர்?” என்றார் அப்பா, மடியிலிருந்த சாவியைத் தடவியபடி.

“இந்த வகைக்கும் சிகரட்டுக்கும் சம்பந்தமில்லை ஐயா.”

“அதான் நான் அப்பவே சொன்னேன், எம் புள்ள தொடமாட்டான்னு!” என்றார், சட்டை மோந்த அம்மா. அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. நான் எழுந்து நின்று கை தட்டினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்குத் திரும்பியதும் அப்பா மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

“இப்ப வேணாம்ப்பா. ஒப்பரேஷன் முடிஞ்சு வந்து வாங்கிக்கிறேன்.”

வந்து வாங்கிக்கொண்டான். காயம் ஆறியதும் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, “வாடி, வந்து கேளு” என்றான். வலப்பக்கம் காதை வைத்தேன். மூச்சு போனது, வந்தது.

“ரேடியோ என்ன சொல்லுது?”

“ஸ்டேஷன மூடிட்டாங்கண்ணே!”