சின்னராசு கட்டிய துண்டு

போன மாதம் ஒரு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போனேன். பாதுகாப்பு வார விழா. நாமக்கல் பக்கம் ஒரு தனியார் மின் நிலையம். கரும்புச் சக்கையை எரித்து கரண்ட் எடுக்கிறார்கள். பெயர் வேண்டாம் — சொன்னால் நம் எடிட்டரின் தூக்கம் கெட்டுவிடும்.

எனக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான். ஆனால், பத்திரிகையில் எழுதுகிற மேடம் வந்து பரிசு கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று போனில் சொன்னார்கள். உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் புதுப் புடவை வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லித்தானே ஆக வேண்டும்?

மேடையில் அரசு அதிகாரி பேசினார். நிலையத்தின் மேனேஜர் பேசினார். இவரை அவர் புகழ்ந்தார், அவரை இவர் புகழ்ந்தார். அரசும் தொழில்துறையும் கைகோத்தால் தொழிலாளிக்கு ஒரு கீறல்கூட விழாது... கைதட்டல். நானும் தட்டினேன்.

அப்புறம் ஒரு கண்ணாடி பீரோவைக் காட்டினார்கள். உள்ளே வரிசையாகச் சிவப்புப் பூட்டுகள். இரண்டு தரப்பும் சேர்ந்து கொண்டுவந்த திட்டமாம். மெஷினுக்குள் வேலை பார்க்கப் போகிறவர் தன் பூட்டை சுவிட்சில் மாட்டிவிட்டு, சாவியை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அவர் வெளியே வந்து திறக்கிறவரை யாராலும் மெஷினை ஓட்ட முடியாது. நல்ல ஏற்பாடுதான். பூட்டுகள் கடையில் இருந்து வந்த மாதிரியே பளபளவென்று இருந்தன. ஏன் அப்படி இருக்கின்றன என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு நிலையத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார்கள். எங்களுக்கு நாலு எட்டு முன்னால் நிர்வாக அலுவலர் ஒருவர் வழியை ஒழுங்குபடுத்திக்கொண்டே போனார். கீழே கிடந்த டீ கப்பைப் பொறுக்கினார். விளக்குமாற்றை மறைத்தார். சக்கையை ஏற்றிப் போகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் பெட்டி. அதன் கைப்பிடியில் பச்சைத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. அழுக்குத் துண்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டே அவிழ்த்தார். சுருட்டி, மணல் வாளிகளுக்குப் பின்னால் எறிந்தார். என் கண் முன்னால்தான். பரவாயில்லையே, சுத்தம் பார்க்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

பெல்ட் நின்றிருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

“ஏன் சார், இது ஓடாதா?” என்று கேட்டேன்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே ஆபரேட்டருக்குக் கைகாட்டினார். ஆபரேட்டர் ஒரு தடவை கைப்பிடியைப் பார்த்தார். அதில் எதுவும் கட்டியிருக்கவில்லை. சுவிட்சைப் போட்டார். பெல்ட் ஓடியது. நாலைந்து விநாடிகூட இருக்காது... அந்தக் கோடியில் இருந்து ஒரு சத்தம். அது மனுஷக் குரல் என்று எனக்கு உறைப்பதற்குள் பெல்ட்டை நிறுத்திவிட்டார்கள். எங்களை வந்த வழியே திருப்பிவிட்டார்கள். சின்ன ரிப்பேர்தான், சாப்பாடு ஆறிவிடும் வாங்க என்றார்கள். போனேன். சாப்பிட்டேன். பாயசம் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன்.

மூன்று நாள் கழித்து, என்னை அழைத்துப் போன கார் டிரைவர் போன் செய்தார். பெல்ட்டுக்கு அடியில் ஆள் இருந்திருக்கிறார். பெயர் சின்னராசு. கான்ட்ராக்ட் தொழிலாளி. உருளையில் சிக்கிய சக்கையை இழுத்துக்கொண்டிருந்தாராம். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

நேரில் போகத் தைரியம் வரவில்லை. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கிடைத்தது. தூக்கம் கிடைக்கவில்லை. பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கே போனேன்.

நாற்பது வயது இருக்கும் அவருக்கு. மனைவி மல்லிகா இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். விழாவுக்கு வந்தவள் என்று சொல்லிவிட்டு, பூட்டு இருக்கிறதே, ஏன் போடவில்லை என்று கேட்டேன். கேட்டதற்கு அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பூட்டை கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுப்பதில்லையாம். தொலைத்துவிடுவார்களாம். பீரோ சாவி ஆபீசில் இருக்கிறது. அதனால் இவர்களாகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர் தன் தோள் துண்டை சுவிட்ச் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போவார். துண்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஆபீசில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது.

அரசும் நிர்வாகமும் கூட்டாக நடத்திய விசாரணை அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. சுவிட்சில் எந்த அடையாளமும் வைக்காமல் உள்ளே போனது தொழிலாளியின் கவனக்குறைவு. கான்ட்ராக்டர் வந்து படித்துக் காட்டினாராம்.

“கையி போனது போச்சுங்க மேடம்” என்றார் சின்னராசு. “என்ற தம்பியே, நான் துண்டு கட்டாமப் போயிட்டேன்னு நம்பறானுங்க. அவனும் அங்கதானுங்க வேல செய்யறான். பதனாறு வருசத்துல ஒரு நா கட்டாமப் போனதில்லீங்க நானு.”

மல்லிகா தலை நிமிரவில்லை. அவருக்கும் சந்தேகம் இருக்கிறது என்று தெரிந்தது. கையை விட அதுதான் அந்த மனுஷனைத் தின்றுகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துண்டை அவிழ்த்தது, வாளிக்குப் பின்னால் எறிந்தது, பெல்ட் ஓடாதா என்று நான் கேட்டது... எல்லாம். மல்லிகா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனையே பார்த்தார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடிப்பார்கள், திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க கேட்டது தப்பில்லீங்க” என்றார் சின்னராசு. “ஓட்டறதுக்கு முந்தி, உள்ளார ஆளு இருக்குதான்னு ஒரு கொரலு குடுத்திருக்கலாமுங்க. அத்தன பேரு நின்னீங்க.” பிறகு கேட்டார்: “பார்த்தத எழுதிக் குடுப்பீங்களா?”

மறுநாளே இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அன்று மேடையில் பேசிய அரசு அதிகாரியிடம் கொண்டுபோனேன். மரியாதையான மனுஷன், காபி கொடுத்தார். விசாரணை முடிந்துவிட்டது, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, விருந்தினர் சாட்சியாக வர விதியில் இடமில்லை என்றார். கடிதத்தைத் திருப்பி என் பக்கமே தள்ளினார். நான் படியிறங்கி ஆட்டோ பிடிப்பதற்குள் மேனேஜரிடம் இருந்து போன்! நீங்கள் ஏன் இதில் மனசைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்றார், பரிவாக. அரசும் தொழில்துறையும் கைகோத்தால் என்ன வேகம் வரும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்கு அந்த வேகம் இருந்ததா தெரியவில்லை.

நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. எடுத்திருக்கிறார்கள். கூட்டுக் குழு கூடி, தொழிலாளர்கள் துண்டோடு உள்ளே வரத் தடை போட்டிருக்கிறது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்களாம். அப்படியானால் பூட்டையாவது கையில் கொடுப்பீர்களா என்று மேனேஜரிடம் கேட்டேன். அது பரிசீலனையில் இருக்கிறதாம்.

நம் ஊரில் பாதுகாப்பு என்பது பார்க்க வருகிறவர்களுக்காகச் செய்வது. உள்ளே இருக்கிறவர்கள் தங்களுக்காக ஏதாவது செய்துகொண்டால் அது அழுக்காகத் தெரிகிறது. எனக்கும் அப்படித்தானே தெரிந்தது? புதுப் புடவை கட்டிக்கொண்டு போனவளுக்கு வேறு எப்படித் தெரியும்?

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே குழுவில் இருக்கிற பெரியவர்களே, சின்னராசுவின் தம்பியே, எழுதிக்கொள்ளுங்கள்.

சின்னராசு துண்டு கட்டிவிட்டுத்தான் போனார். அவிழ்த்தது ஆபீஸ் ஆள். ஓட்டச் சொன்னது நான்.