பியர் குடித்த சப்பாத்து

குழு அன்பர்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல்: ரெய்னர்ஸ் லேன் வாசியான அடியேன் இன்று முதன்முறையாகப் பவேரியப் பியர் விழாவுக்குச் சென்று, ஒரு லீற்றர் பியரை ஒரே மூச்சில் முடித்து, களைத்துப்போய் வீடு திரும்பியுள்ளேன்.

பூங்காவில் பெரிய கூடாரம், வரிசையாக இருந்து குடிக்க நீள நீளமான மர வாங்குகள். வாத்தியக்காரர்கள் ஊதத் தொடங்கியதும் எல்லாரும் வாங்கில் ஏறி நின்று பாடினார்கள். நானும் ஏறினேன், சப்பாத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு.

"டேய், கோயிலுக்கே வந்தனீ?" என்றான் மச்சான் ரமணன்.

"ஆக்கள் இருக்கிற வாங்கெல்லோ இது. சப்பாத்தோட எப்பிடி ஏறுறது?"

பக்கத்தில் ஆடிய ஜெர்மன்காரரின் குவளை சரிந்தது. பியர் முழுவதும் என் சப்பாத்துக்குள்.

மூன்று ரயில் மாறி வந்தேன். அடிக்கு அடி 'சளக்' என்றது. எதிரே இருந்த பெண்மணி எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார். கால் வலித்தது, அதைவிடப் பயம் வலித்தது. அம்மாவிடம் லைப்ரரிக்குப் போவதாக அல்லவா சொல்லியிருந்தேன்? இன்று புரட்டாசிச் சனி விரதம் வேறு.

கதவைத் திறந்ததும் அம்மா மூக்கைச் சுளித்தார்.

"குடிச்சனியோ?"

"இல்லையம்மா, சப்பாத்துதான் குடிச்சது."

"விரத நாளிலை பகிடியோ? ஊது பாப்பம்."

ஊதினேன்.

"அப்பிள் யூஸ் மணக்குது. லைப்ரரியிலை யூஸும் குடுக்கிறவையோ?"

மாட்டிக்கொண்டேன். நாளை முதல் ஒரு மாதம் வீட்டுச்சிறை. பியர் மணத்தைப் போக்க வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓம், என் பதினேழு வயதுக்குக் கூடாரக்காரர் தந்தது யூஸ்தான். அதிலும் பாதியை ரமணன் குடித்தான்.