நாலு குடம் தண்ணீரும் இரண்டு இரும்பு வளையமும்

எங்கள் மினி டிராக்டர் அன்றைக்கு ஏன் சாய்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எல்லாமே கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் என் தலைவலி.

பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரைக் காணி நிலம். பாதியில் நெல், பாதியில் கரும்பு. என் வீட்டுக்காரர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார். வாடகை டிராக்டர் வருமென்று காத்திருந்து இரண்டு வருஷம் நாற்று முற்றிப்போனது. அதனால்தான் இந்தச் சின்ன வண்டியை வாங்கினோம். கரும்புப் பார்களுக்கு நடுவே நுழைந்து மண் அணைத்துவிட்டு வரும் அளவுக்கு ஒல்லியான வண்டி. அவருக்கு நேரமில்லை என்பதால் ஓட்டக் கற்றுக்கொண்டது நான். முதல் ஆறு மாதம் ஊரே வேலை வெட்டியை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தது. பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது.

ஒருநாள் காலையில் வாய்க்கால் கரை மேல் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் மாட்டியிருந்தது. இடது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. வலது பின்சக்கரம் மண்ணை விட்டு எழுந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, இடுப்பில்தான் தெரிந்தது. ஒரு மூச்சு நேரம் வண்டி அப்படியே நின்றது. அப்புறம் தொப்பென்று உட்கார்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் எதிர்க்கரையில் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். நல்ல மனுஷர், ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருவார். ஆனால் வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? காலையில் சக்கரம் தூக்கியது, மத்தியானத்துக்குள் வண்டியே கவிழ்ந்துவிட்டதாக ஊரில் பேச்சு. என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொன்னதும் அவர்தான்.

ஷிப்ட் முடியும் முன்பே இவர் பைக்கில் வந்து இறங்கினார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக வண்டியிடம் போய் அதை மூன்று சுற்று சுற்றி வந்தார்.

"வித்துடலாம்" என்றார்.

"இன்னாத்த வித்துடலாம்?"

"இத்தத்தான். காட்டேரிக்குப்பத்துல ஒருத்தர் கேட்டுகினே கீறாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொம்பளைக்கு எதுக்கு வண்டி என்று ஊர் சொல்லாமல் சொன்னதை இவர் வாய்விட்டே சொல்கிறார் என்று நினைத்தேன். வண்டி போனால் நிலத்தைக் குத்தகைக்கு விடவேண்டும், நான் ஏதாவது கம்பெனியில் டப்பா ஒட்டப் போகவேண்டும். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. அந்த சீட்டில் உட்கார்ந்தால்தான் நான் நானாக இருக்கிறேன் என்று எனக்கு அந்த ஒரு வருஷத்தில் தெரிந்துவிட்டது. அதை எப்படி விடுவது?

நன்றாகச் சண்டை போட்டோம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். நடவு முடிகிற வரைக்கும் நான் ஓட்டலாம். அதற்குள் வண்டி இன்னொரு தடவை சாய்ந்தால் காட்டேரிக்குப்பத்துக்காரரைக் கூப்பிட்டுவிடுவது. கோபத்தில் சரி என்றுவிட்டேன். சாயாத வண்டி எப்படி இருக்கும் என்று அப்புறம்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

வில்லியனூர் போகிற ரோட்டில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். கடைக்காரர் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

"உள்ள வெறும் காத்துதான் கீது யக்கா. வண்டி பஞ்சு மாதிரி நிக்குது. பின் டயர் ரெண்டுலயும் தண்ணி ஏத்திடு. அப்புறம் எவன் வந்து தள்ளுனாலும் ஆடாது."

"டயர்ல போயி தண்ணியா?"

"பெரிய வண்டிக்காரன்லாம் இன்னா பண்றான்னு நெனச்ச?"

ஜாக்கி வைத்துத் தூக்கி, வால்வு மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு ஊசியைக் கழற்றித் தண்ணீர் வரும் ஓஸைச் சொருகினார். நடுநடுவே ஓஸை எடுத்துவிடுவார், உள்ளே இருந்த காற்று ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வரும். எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டேன். ஒரு டயருக்கு நாலு குடம் என்றார். வால்வு வழியாகத் தண்ணீர் திரும்பி வந்ததும் நிறுத்தினார். முக்கால் டயர் நிறைந்துவிட்டது, மேலே கொஞ்சம் காற்று அடித்தால் போதும் என்றார். நாலு குடத்தை இடுப்பில் வைத்துச் சுமந்தால் நான்தான் சாய்வேன், வண்டி எப்படி நேராக நிற்கும் என்று கேட்கத் தோன்றியது.

திரும்பி வரும்போது வண்டி வேறு வண்டியாக இருந்தது. கனமாக, அழுத்தமாக, மேடு பள்ளத்தில் அசையாமல் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் நெல் வயலில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்ட இறங்கினேன். எங்கள் மண் களிமண். எப்போதும் கணுக்கால் அளவுக்குப் புதையும் சக்கரம் அன்றைக்கு முழங்கால் அளவுக்குப் போனது. கரையில் நின்ற மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"எவன்மா உனுக்கு தண்ணி ஏத்தச் சொன்னது? சேத்துல ஓட்ற வண்டிக்கு வெயிட் ஏத்தலாமா? கவுறாது, ஆனா உள்ளாற பூடும்!"

காற்றாக இருந்தால் கவிழும், தண்ணீராக இருந்தால் புதையும். எதைத்தான் ஊற்றுவது? போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். ஒருவர் தண்ணீர்தான் மருந்து என்றார். இன்னொருவர் தண்ணீர்தான் எமன் என்றார். மூன்றாமவர் அதெல்லாம் வேண்டாம், சக்கரத்தை அகலமாக்கு என்றார். எல்லோரும் சிரித்த முகத்தோடு சொன்னார்கள்.

மூன்றாவது வீடியோவை என் வீட்டுக்காரரும் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரம் சாப்பாட்டுப் பையில் இருந்து இரண்டு இரும்பு வளையங்களை எடுத்துக் கூடத்தில் வைத்தார். ஒவ்வொன்றும் மூன்று அங்குல தடிமன். கூட வேலை செய்கிறவர் ஒருவர் லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தாராம்.

"ஸ்பேசர். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவுல வச்சி முடுக்கிட்டா, பக்கத்துக்கு மூணு அங்குலம் வெளிய வந்துடும். கால அகட்டி நின்னா ஆளு விழுவானா? அத்த மாதிரி."

விற்கவேண்டும் என்கிறவர் எதற்காக இதைச் சுமந்துகொண்டு வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஒல்லி என்பதற்காக வாங்கிய வண்டியை அகலமாக்குவதும் புரியவில்லை. கேட்டேன். கரும்புப் பாரை அளந்து பார்த்துவிட்டேன், உரசிக்கொண்டு போனாலும் போய்விடும் என்றார். கொட்டகை வாசலையும் டேப் வைத்து அளந்தார். வார லீவில் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினோம். தண்ணீர் ஏறிய சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. இருந்தாலும் பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது வண்டி பயில்வான் மாதிரி நின்றது. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

எல்லாவற்றையும் அளந்த நாங்கள் ஒன்றை மட்டும் அளக்கவில்லை. எங்கள் நிலத்துக்குப் போக வாய்க்காலைத் தாண்டவேண்டும். பாலம் கிடையாது. வண்டி வாங்கிய புதிதில் இரண்டு சிமெண்ட் பலகைகளை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டோம். சக்கரத்துக்கு ஒன்று, ஒரு முழ அகலம்கூட இருக்காது. வண்டியின் அகலத்துக்குக் கயிறு பிடித்துப் போட்ட பலகைகள் அவை. இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். போட்ட பிறகு அது கரையோடு கரையாகிவிடும், யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அன்று மதியமே நிலத்துக்குக் கிளம்பினோம். அவர் முன்னால் தாண்டி அக்கரையில் நின்றுகொண்டு, கையை ஆட்டி "வா வா" என்றார். முன்சக்கரங்களுக்கு ஸ்பேசர் போடவில்லை. அவை எப்போதும்போல் பலகை நடுவில் அழகாகப் போயின. அவர் பார்த்தது அவற்றைத்தான், நான் பார்த்ததும் அவற்றைத்தான். பின்சக்கரம் பலகை ஏறியதும் வலது பலகையின் விளிம்பு உடைகிற சத்தம் கேட்டது. பலகை புரண்டது. வண்டி வலது பக்கம் இறங்கியது.

என் கை தானாக லீவரைத் தள்ளி ரோட்டவேட்டரைக் கீழே இறக்கியது. அது பின்னால் இருந்த கரையில் போய் உட்கார்ந்தது. சாய்ந்துகொண்டே போன வண்டி பாதியில் நின்றது. பிரேக்கை மிதித்துக்கொண்டு திரும்பினால், எழுந்து நின்ற இடது மட்கார்டில் என் வீட்டுக்காரர் தொங்கிக்கொண்டிருக்கிறார். எப்போது வாய்க்காலில் குதித்து இந்தப் பக்கம் வந்தார் என்று தெரியவில்லை. வயலை மட்டமாக்கப் பரம்படிக்கும்போது பரம்பின் மேல் ஆள் ஏறி நிற்பதுபோல, தன் உடம்பு முழுவதையும் வெயிட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எறங்குயா! கவுந்தா நீயும் சேந்து பூடுவ!" என்று கத்தினேன்.

"நீ எறங்குடி மொதல்ல!"

"பிரேக்க யாரு புடிக்கிறது? நீ எறங்கு!"

"நீ எறங்கு!"

இரண்டு பேரும் இறங்கவில்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மாமா தன் டிராக்டரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். சங்கிலி மாட்டி முன்னால் இழுத்தார், நான் லோ கியரில் மெதுவாக ஏற்றினேன். வண்டி கரையேறியது. என் வீட்டுக்காரர் அப்போதும் மட்கார்டை விடவில்லை, விரலைப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

டயரில் தண்ணீர் இருந்ததால் தப்பித்தீர்கள் என்று பஞ்சர் கடைக்காரர் பிறகு சொன்னார். சக்கரம் அகலமாக இருந்ததால்தான் குப்புறப் போகவில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அந்த அகலத்தால்தானே விழுந்தது என்று நான் சொன்னேன். மாமா சொன்னார், வாய்க்காலில் ஆழம் இல்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு, அதை யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் கரை மேல் சக்கரம் தூக்கியபோது, பிளேடு மண்ணில் இடிக்கக்கூடாது என்று ரோட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தேன். தூக்கி வைத்தால் வண்டிக்குத் தலைக்கனம். வெறும் அதுதான் காரணமோ? இந்தத் தண்ணீரும் வளையமும் இல்லாமலே, ஒரு லீவரை இறக்கியிருந்தால் போதுமோ? தெரியவில்லை.

மாமா போன பிறகு வரப்பில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"சாஞ்சிடுச்சி. போன் பண்ணு காட்டேரிக்குப்பத்துக்கு. நீ நெனச்சது நடந்துடுச்சில்ல."

"நான் இன்னா நெனச்சேன்?"

"எனுக்கு ஓட்டத் தெரியாதுன்னு."

அவர் காலில் இருந்த சேற்றை வழித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"அன்னிக்கு டீ நேரத்துல மாமா போன் பண்ணாரு. 'உன் பொண்டாட்டி வண்டி கவுந்து'ன்னாரு. லைன் கட்டாய்டுச்சி. திருப்பிப் போட்டா போவல. உனுக்குப் போட்டா நீ எடுக்கல. சேதராப்பட்டுலேந்து வூடு வரைக்கும் பைக்குல வந்தேன். அந்த ஒரு மணி நேரம் உனுக்குத் தெரியாது."

அந்த மாதிரி ஒரு மணி நேரம் இருந்ததே எனக்குத் தெரியாதுதான். அன்றைக்கு என் போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

"வந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ? வண்டியத்தான சுத்திச் சுத்திப் பாத்த?"

"நீதான் நின்னுகினு இருந்தியே. உனுக்கு ஒண்ணும் ஆவலன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சி. அத்த எங்க ஒதைக்கலாம்னுதான் சுத்தி வந்தேன்."

இத்தனை நாள் எதற்காகக் கோபமாக இருந்தேனோ அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. காட்டேரிக்குப்பத்துக்குப் பேச அவர் போனை வெளியே எடுக்கவே இல்லை. வண்டியைச் சாய்த்தது அவர் கொண்டுவந்த ஸ்பேசர், வரச் சொன்னது அவர் ஆட்டிய கை. விற்கவேண்டும் என்று சொல்ல அவருக்கு வாயும் இல்லை.

மறுநாளே ஸ்பேசரைக் கழற்றிவிட்டோம். தண்ணீரை விட்டுவைத்தோம், சேடை ஓட்டும்போது மட்டும் பாதியை இறக்கிவிடுகிறேன். புதுப் பலகைகளை அகலமாகப் போட்டாயிற்று. நடவு முடிந்தது, கரும்புக்கு மண் அணைத்தாயிற்று, வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அது இப்போது உண்மையிலேயே உறுதியாக நிற்கிறதா, இல்லை நான்தான் பயந்து பயந்து ஓட்டுகிறேனா, அதுவும் புரியவில்லை.

காலை டீ நேரத்தில்தான் அவருக்குக் கம்பெனியில் போன் கையில் கிடைக்கும். அப்போது கூப்பிடுவார்.

"தாண்டிட்டியா?"

"தாண்டிட்டேன்" என்பேன். சில நாள் தாண்டியிருக்க மாட்டேன், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்பேன். என்ஜின் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்காமலா இருக்கும்? "சரி" என்கிறார், போனை வைப்பதில்லை. நானும் வைப்பதில்லை. புடவைக்கு மேல் போட்டிருக்கும் அவருடைய பழைய சட்டையின் பையில் போனைப் போட்டுக்கொண்டு பலகை மேல் ஏறுகிறேன். அக்கரையில் ரோட்டவேட்டர் மண்ணில் இறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் வைக்கிறார்.